ஊதா விரல்

அக்கா வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். நர்ஸ் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். வெளிநாட்டு அகதி முகாம் ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போனவளிடம் தண்ணீர்ச் சோதனையைக் கொடுத்தார்கள். தினமும் குழாய்த் தண்ணீரைச் சோதித்து, "சுத்தமோ சுத்தம்!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வருவாள். ஆனால் முகாம் ஆஸ்பத்திரி வார்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. சமையலைச் சந்தேகப்பட்டார்கள், ஈயைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒரு நாள் ஒரு குழந்தையின் வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து தடவிய கையோடு, அவசரத்தில் வார்டு டிரம்மில் குவளையை விட்டுத் தண்ணீர் மொண்டாள். ஐயையோ! தண்ணீரில் ஊதா பரவியது. குவளைக்கு விரற்கடை அளவுதான் கைப்பிடி. யார் மொண்டாலும் விரல் உள்ளே முங்கும், விரலில் இருக்கும் கிருமியும் கூடவே போகும். அந்தக் குவளையை வாங்கிக் கொடுத்ததே இவர்கள் தொண்டுக் குழுதான். சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைத் தூக்கி எறிந்தாள். ஆனால் அக்கம்பக்கத்து முகாம்களில் எல்லாம் அதே குவளை, அதே டிரம்.

ஊர் திரும்பியதும் ஒரே பிடிவாதம்: குழாய்க்கும் வாய்க்கும் நடுவில் தண்ணீர் எங்கே கெடுகிறது, எப்படித் தடுப்பது என்று ஆராய வேண்டும். ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழு சம்மதித்தால்தான் திரும்பிப் போக முடியும். அதற்குள் எல்லார் விரலிலும் ஊதா மருந்தைத் தடவி, தண்ணீர் மொள்ளச் சொல்லி அக்கா வீட்டில் ஒத்திகை தொடங்கிவிட்டது. மாமா ஊதா விரலோடு ஆபீசுக்குப் போய், "என்ன சார், ஓட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தார்.

"என் பாத்திரம் பூரா கத்திரிக்கா கலர்ல நிக்குதுடி!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

குழுவின் தலைவர் ஒரு பேராசிரியர். எடுத்த எடுப்பிலேயே, "கை கழுவத் தெரியாத ஜனங்க. ரெண்டு நோட்டீஸ் ஒட்டினா போச்சு. இதுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி?" என்றார்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "அவங்க கழுவுறாங்க சார். அன்னிக்குக் கழுவாம விட்டது நான்."

பையிலிருந்து அதே மாதிரிக் குவளை, ஒரு கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர், ஊதா மருந்துப் புட்டி ஆகிய மூன்றும் மேஜைக்கு வந்தன. "விரல்ல தடவிக்குங்க சார். தண்ணியில கலர் படாம ஒரு டம்ளர் மொண்டு குடுங்க, பாப்போம்."

இதென்ன பிரமாதம் என்று அவர் சட்டைக் கையை மடித்தார். ஊதா. தண்ணீரை மாற்றச் சொல்லி, மெதுவாக மொண்டார். மறுபடி ஊதா. அப்புறம் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டே விரலால் பிடித்தார். குவளை வழுக்கி, கையே மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கைப்பிடி எவ்வளவு நீளம் இருந்தா விரல் படாதும்மா? இல்ல, டிரம்முக்கே குழாய் வெச்சிடலாமா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் என்னை அனுப்பச் சொல்றேன்."

அன்று மாலை சின்னவள் ஓட்டமாக வீட்டுக்கு வந்து அனுமதித் தாளை அக்காவிடம் நீட்டினாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஓர் ஊதாக் கைரேகை.

"அடிப்பாவி," என்றாள் அக்கா, "அவரையும் விட்டுவைக்கலையா?"