குண்டூசியும் மூடிய ஜாடியும்

அந்தத் தையல்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. எந்தத் துணியை எப்போது கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். ஆஸ்பத்திரியில் கிருமிப் பரிசோதனை செய்யும் லேப் அக்காவின் துணியும் அவர் கடையில் இரண்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் செவ்வாய்க்கிழமை காலை, வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு அவர் வார்டில் படுத்திருப்பதைக் கண்டதும் அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

கட்டிலில் தொங்கிய சீட்டைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. விரல் மூன்று வாரமாகச் சீழ் பிடித்திருக்கிறது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, வியாழன் காலை நுனிக் கணுவை எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"கத்திரி பிடிக்கிறது, நூல் கோக்கிறது எல்லாம் இந்த விரல்தான் அக்கா. இது போச்சுன்னா கடைய சாத்த வேண்டியதுதான்" என்றார் தையல்காரர். குரலில் அழுகை இல்லை. ஆனால் அவர் கண் கட்டை விட்டு நகரவில்லை.

சீட்டோடு இரண்டு லேப் முடிவுகள் குத்தப்பட்டிருந்தன. இரண்டிலும் 'கிருமி வளரவில்லை'. இரண்டிலும் அவளுடைய கையெழுத்து. அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சீழில் கிருமி இல்லை என்று எந்தத் தைரியத்தில் எழுதினோம்?

அன்று காலை அவர் விரல் சீழைத் தொட்டெடுத்த பஞ்சுக் குச்சி லேபில் காத்திருந்தது. அதைக் கிருமி வளர்ப்புத் தட்டில் மட்டும் தடவிவிட்டுப் போவதுதான் வழக்கம். இன்று ஒரு கண்ணாடித் துண்டிலும் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். காலெடுத்து வைக்க இடமில்லாதபடி கிருமிகள். குச்சி குச்சியாக, உருண்டை உருண்டையாக. தட்டில் ஒன்றுகூட முளைக்காதவை இங்கே இப்படி மொய்க்கின்றன என்றால் காரணம் ஒன்றுதான்: இவை காற்றுப் பட்டால் சாகிற ஜாதி. பஞ்சுக் குச்சி வார்டு மேசையில் அரை நாள் கிடந்து லேபுக்கு வருவதற்குள் அவற்றின் கதை முடிந்துவிடுகிறது.

அவள் மறுபடி வார்டுக்கு ஓடினாள்.

"தைக்கும்போது குண்டூசிய எங்க வெப்பீங்க?"

"வாயிலதான். முப்பது வருசமா."

"வாயில இருந்து எடுத்த ஊசி விரல்ல குத்துச்சா?"

"குத்தாத நாளு உண்டா?" என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. "வாய் நிறைய ஊசி. அதனாலதான் நாளைக்குன்றதுக்கு மேல பேச்சே வராது."

பல்லிடுக்கில் காற்றுப் படாமல் குடியிருந்தவை ஊசியில் ஏறி விரலுக்குள் இறங்கியிருக்கின்றன. லேப் அக்கா கண்ணாடித் துண்டோடு அறுவை டாக்டரிடம் போய், தான் இரண்டு முறை தவறவிட்டதையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மா நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை அகலமாகத் திறந்து, செத்த சதையை நீக்கி, இந்த ஜாதிக்கென்றே இருக்கும் மருந்தைத் தொடங்கினார். உள்ளிருந்த சீழை சிரிஞ்சில் இழுத்து, காற்றை வெளியேற்றி, மூடி போட்டு அவள் கையிலேயே கொடுத்தார்.

"விரல எடுக்கறத வியாழன் மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். விரல் தேறணும், உங்க தட்டும் பேசணும்."

லேப் அக்கா அதைத் தட்டுகளில் தடவி, காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு ஜாடிக்குள் வைத்து இறுக மூடினாள். இனி நாற்பத்தெட்டு மணி நேரம் தொடக் கூடாது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்களே, புதன்கிழமை முழுக்க அவள் பாடு அதுதான். கை மூடிவரை நான்கு தடவை போய்த் திரும்பியது. கடைசியில் 'திறக்காதே' என்று எழுதி ஒட்டினாள். அந்த லேபில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

சாயங்காலம் தையல்காரரின் மனைவி ஜன்னலில் வந்து நின்றாள். "லேசா தெறந்து பாத்து சொல்லக் கூடாதா?"

"தெறந்தா செத்துரும்மா. மறுபடியும் ஒண்ணும் வளரலன்னு நானே கையெழுத்து போடணும்."

"ஊரையே காக்க வெச்ச மனுசன். இப்ப எங்களை ஒரு ஜாடி காக்க வெக்குது" என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழன் மத்தியானம் மூடியைத் திறந்ததும் அழுகல் நாற்றம் ஆளைத் தூக்கியது. லேப் அக்காவுக்கோ அது மணமாக இருந்தது. தட்டு நிறையச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவள் வார்டை அடைந்தபோது டாக்டரம்மா கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீக்கம் வடிந்து, சதை சிவந்து உயிரோடு இருந்தது. தட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், சீட்டில் இருந்த அறுவையைக் கோடு போட்டு அடித்தார்.

"மாத்திரை ஒத்துக்குதா?" என்று லேப் அக்கா கேட்டாள்.

"வாயெல்லாம் இரும்பு ருசி அக்கா. குண்டூசி வெச்ச மாதிரியே இருக்கு" என்றார் தையல்காரர்.

இரண்டு மாதம் கழித்து அவள் கடைக்குப் போனாள். துணி, சொன்ன தேதியில், தைத்து மடித்துத் தயாராக இருந்தது. அவள் உடுத்திக்கொண்டு நின்றதும், ஓரத்தைச் சரிபார்க்க அவர் ஒரு குண்டூசி எடுத்தார். தொட்டில் பழக்கம் அல்லவா, அது நேரே உதட்டுக்குப் போனது. மனைவி செருமினாள். ஊசி பாதி வழியில் திரும்பி, மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சு மெத்தையில் குத்தி நின்றது.

துணியின் வலது கைப் பகுதியில் தையல் ஓரிடத்தில் இம்மியளவு கோணியிருந்தது. ஆறி வந்த விரலுக்கு இன்னும் பழகவில்லை.

"பிரிச்சு தச்சுத் தரேன் அக்கா, நாளைக்கு வாங்க."

"வேண்டாம். இப்படியே நல்லாருக்கு" என்று சொல்லி, அதை உடுத்திக்கொண்டே அவள் வேலைக்குப் போனாள்.