பிழை நகலில் இருந்தது

தம்பியின் சிறுநீரகங்கள் இரண்டிலும் நீர்க்கட்டிகள் மண்டிவிட்டன. தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக அக்கா சொன்னாள். "உன்கிட்ட வாங்கினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவியே" என்றான் தம்பி.

இது பரம்பரையாக வரக்கூடிய நோய். அதனால் இருவர் ரத்தத்திலிருந்தும் அதற்குரிய மரபணுவைப் படித்தார்கள். தம்பியிடம் கண்ட ஓர் எழுத்து மாற்றம் அக்காவிடமும் இருந்தது. அவளுக்கும் நோய் வரும், தானம் செய்யக்கூடாது என்று அறிக்கை வந்தது.

மருத்துவருக்கு மனம் ஒப்பவில்லை. ஐம்பதை நெருங்கும் அக்காவின் ஸ்கேனில் ஒரு கட்டிகூட இல்லை. ஆய்வகத்துக்குப் போன் போட்டு, இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்.

அங்கே தரவுகளை அலசுபவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். கோப்பைத் திறந்தாள். மரபணு என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரி. செல் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்துப் புரதத்தைக் கோத்துக்கொண்டே போகும். இந்த மாற்றமோ நடுவழியில் 'நிறுத்து' என்கிறது. புரதம் பாதியில் அறுந்துவிடும். மென்பொருள் வரைந்த புரதத்தின் படத்திலும் வால்பகுதியைக் காணோம். அதுவரை சரிதான்.

ஆனால் இயந்திரம் வரியை முழுசாகப் படிப்பதில்லை. துண்டு துண்டாகப் படிக்கிறது. எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. இந்த மரபணுவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஏறக்குறைய அதே போன்ற நகல்கள் உண்டு. அவை உருப்படியான புரதம் எதையும் செய்வதில்லை. இரட்டைப் பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்போம்? மச்சத்தை வைத்துத்தான். நகலுக்கு மட்டுமே உள்ள எழுத்துகளை அவள் தேடினாள். மாற்றம் இருந்த துண்டுகளில் ஒன்று விடாமல் நகலின் மச்சம் இருந்தது. ஓரெழுத்து வித்தியாசம்தானே என்று மென்பொருள் அவற்றை அசலில் உட்கார வைத்திருந்தது.

"அப்ப தம்பிக்கு நோயே இல்லைங்கறியா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்.

"நோய் இருக்கு சார். குற்றவாளின்னு நாம தப்பான எழுத்தைப் பிடிச்சிட்டோம்."

நகலில் இல்லாத ஓர் இடத்தைப் பிடியாக வைத்து, அசல் மரபணுவை மட்டும் நீளநீளமாக எடுத்து மறுபடி படித்தார்கள். தம்பியிடம் உண்மையான கோளாறு வேறோர் இடத்தில் அகப்பட்டது. அசலுக்கும் நகலுக்கும் சமமாகப் பொருந்திய துண்டுகளை மென்பொருள் முன்பு ஒதுக்கிவிட்டதால் அது கண்ணில் படாமல் போயிருந்தது. அக்காவிடம் அது இல்லை.

புது அறிக்கையை மருத்துவர் இருவருக்கும் விளக்கினார். ரத்தப் பொருத்தம், இதயம் என்று இன்னும் பல சோதனைகள் பாக்கி என்றும் சொன்னார்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நல்லா யோசிச்சுக்கக்கா. இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட வேற எது கிடைக்கும் எனக்கு? பேசாம இரு" என்றாள் அக்கா. ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் கையை நீட்டினாள்.