கால் முளைத்துத் தொலைத்த எலிக்குஞ்சுகள்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்ற இருபது நிமிடத்தில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடமிருந்து களவாடியது. பெயர் யோகப்பிரியா (மாற்றவில்லை, அவள் கேட்டால் மாற்றிவிட்டேன் என்பேன்). மீனாட்சிபுரத்துக்காரி. வெளியூர் ஆய்வகத்தில் எலிக்கருக்களை ஆராய்கிறாள்.

கரு வளரும்போது, 'இங்கே கால் முளைக்கட்டும்' என்று செல்லுக்குச் செல் சேதி சொல்ல மரபணுக்கள் உண்டாம். அதில் ஒன்றை நீக்கினாள். இனி கால் முளைக்கக் கூடாது என்பது கணக்கு. ஆறு வருட உழைப்பு.

"என்னாச்சு?"

"அத்தனைக்கும் நாலு காலுங்கண்ணா. கூண்டுக்குள்ள ஓடிட்டுக் கெடக்குதுங்க."

2

தொடக்கம் அ: அந்தி வானம் சிவந்திருந்த அவ்வேளையில், ஆய்வகத்தின்

(சீ, இதை நானே படிக்கமாட்டேன்.)

தொடக்கம் ஆ: நேராகவே சொல்லிவிடுகிறேன். நாற்பது குஞ்சுகளில் ஒன்றுக்கு மட்டும் விரல் லேசாக வளைந்திருந்தது. "அந்தப் படத்தை மட்டும் போட்டு எழுது, பட்டம் வந்துவிடும்" என்கிறார் அவளுடைய பேராசிரியர். 'ஒன்றும் ஆகவில்லை' என்ற உண்மையை எழுதினால், ஏன் ஆகவில்லை என்று நிரூபிக்க இன்னும் இரண்டு வருடம். திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும்.

3

அவளுக்கு நல்ல அப்பா ஒருவரை எழுதினேன். குப்பண்ணன், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். "பால்ல தண்ணி ஊத்தாத குடும்பம் அம்மிணி நம்முளுது" என்று தழுதழுத்தார். யோகப்பிரியாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்கப்பா அப்புடியெல்லாம் பேசமாட்டாருங்கண்ணா. 'போட்டுரு கண்ணு, ஆரு வந்து எலி வெரல எண்ணப்போறாங்க'ன்னுதான் சொன்னாரு."

கோபத்தில் குப்பண்ணனை நீக்கினேன். அடுத்த வரியிலேயே அம்மா சுப்பாத்தாள் சாணிக்கையோடு எட்டிப் பார்த்தாள்: "போட்டுரு கண்ணு." அவளையும் நீக்கினேன். சம்பந்தமே இல்லாமல் சொசைட்டி செக்ரட்டரி பூபதிராஜா வந்து நின்றார்: "போட்டுருங்க அம்மிணி." நீக்கு! பேராசிரியரையும் சேர்த்து நீக்கு!

(அடிக்குறிப்பு: எலிகளைப் பற்றி அவளுடைய சந்தேகமும் இதுதான். ஒரு மரபணு போனால் அதன் பங்காளி அந்த வேலையை எடுத்துச் செய்துவிடுகிறது. பங்காளிகளில் இப்படியும் இருக்கிறார்கள்.)

4

இப்போது கதையில் அவள் ஒருத்திதான். மேசையில் லேப்டாப், திரையில் அந்த விரல். கெடுக்க ஆளில்லை, இனி உண்மையை எழுதிவிடுவாள் என்று நிம்மதியாகக் காத்திருந்தேன்.

"போட்டுரலாமா?" என்றாள், தனக்குத்தானே.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிவு ஒன்று: நாற்பது குஞ்சுகளின் படத்தையும் வரிசையாக அடுக்கி, கீழே அவள்

முடிவு இரண்டு: பட்டமளிப்பு விழாவில் முதல் வரிசையில்

இரண்டையும் முடிக்கத் துணிவில்லை. 'போட்டுரு' என்று நானே சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் என்னையும் நீக்கிவிடுகிறேன்.

5

"ஏனுங்க, படிச்சுட்டு இருக்கறவங்களே... எல்லாரும் போயிட்டாங்க. நீங்க ஒருத்தருதான் மிச்சம். போட்டுரட்டுங்களா?"