நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

பதிப்பகத்தில் பதினெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள் அவள். பிறர் எழுதியதில் விட்டுப்போன ஒற்றைப் போடுவதும் வேண்டாத ஒற்றைக் கிள்ளுவதும்தான் பிழைப்பு. ஒப்பிலக்கியக் கோடைப் பள்ளிக்குப் பதிப்பகத்திலிருந்து ஒருவர் இலவசமாக வரலாம் என்று கடிதம் வந்ததும், முதலாளி அவளைக் கைகாட்டினார். பத்து நாள், தங்கலும் சாப்பாடும் அங்கேயே. மகளைக் கணவன் பொறுப்பில் விட்டுவிட்டு, புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை மாதிரி கிளம்பினாள்.

ஒரு புத்தகத்தை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் படித்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். முதல் நாள் மதியத்துக்குள் அந்த மூடநம்பிக்கை தொலைந்தது. ஒன்றைப் பாதியில் வைத்தவரும் மற்றதை அட்டையோடு நிறுத்திக்கொண்டவரும் வகுப்பில் மணிக்கணக்காக மோதிக்கொண்டார்கள். விடுதியில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்ட ஆய்வு மாணவி, தலையணைக்கு அடியில் எட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். எதன் முதுகும் பிரித்துப் படித்து மடிந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் தலைமைப் பேராசிரியர் வந்தார். கையில் அவள் பதிப்பகம் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நாவல். அவளுக்குப் பெருமை பொங்கியது. கணவனை இழந்து, தையல் மெஷின் மிதித்து ஒரு கூட்டுக் குடும்பத்தையே தாங்கிய பெண்ணின் கதை அது. கொழுந்தன் அவளை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிற இடத்தைப் பேராசிரியர் உருக்கமாக வாசித்தார். பிறகு புத்தகத்தை அகல விரித்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்க, நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம். ஒரு எழுத்து இல்ல. வெறும் வெள்ளை. அவ பதிலே சொல்லல. காலங்காலமா பெண்ணுக்கு மறுக்கப்பட்ட பேச்சு இங்க மௌனமா வந்து நிக்குது."

முப்பது பேனாக்கள் ஒரே நேரத்தில் ஓடின. அவள் பேனா மட்டும் ஓடவில்லை. அந்தப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கக் கடைசி நகல் வந்த அன்று மகளுக்குக் காய்ச்சல். புரட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தாள். ஒரு பக்கம் காலியாக அச்சாகிவிட்டதை இத்தனை நாள் ஒருவரும் வந்து சொல்லவில்லை. இப்போது அல்லவா தெரிகிறது, ஏன் சொல்லவில்லை என்று.

பேராசிரியர் அந்த வெள்ளையை வெளிநாட்டு நாவல்கள் இரண்டின் மௌனத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் எழுந்தாள்.

"சார், அது மௌனம் இல்லைங்க. அச்சுல பக்கம் விட்டுப் போச்சு. நான்தான் மெய்ப்புப் பார்த்தேன். என் தப்பு."

பேராசிரியர் கனிவாகச் சிரித்தார். "தப்புன்னு உங்களுக்குத் தோணுது பாருங்க, அதுதான் அந்தப் பிரதியோட வெற்றி."

"இல்லைங்க சார். அந்தம்மா அங்க ஒரு பக்கம் பூரா கத்தறாங்க. கொழுந்தனைக் கிழி கிழின்னு கிழிக்கிறாங்க."

"உக்காருங்கம்மா. பெண்களோட மௌனத்தைப் பத்தி நான் இன்னும் பேசி முடிக்கல."

அவள் உட்கார்ந்தாள். காது மடல் எரிந்தது.

சாப்பாட்டு வரிசையில் ஆய்வு மாணவி தட்டோடு அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். "அக்கா, என் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயமே அந்த வெள்ளைப் பக்கம்தான். வயித்துல அடிச்சிடாதீங்க."

முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் பதறிப் போனார். "தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்கம்மா! அந்தப் பக்கத்துக்காகத்தான் காலேஜ்ல புக்கைப் பாடமாவே வச்சிருக்காங்க."

தவறு தன்னுடையது. அதைத் திருத்தக்கூட இத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளிக்குத் தெரியாமல் பக்கம் வடிவமைக்கிறவரைப் பிடித்து, பழைய கோப்பிலிருந்த அந்தப் பக்கத்தைப் போனுக்கு வரவழைத்தாள்.

கடைசி நாள் மாலையில் ஆளுக்கு ஐந்து நிமிடம் மேடை உண்டு. அவள் முறை வந்தது. முன்னுரை எதுவும் சொல்லாமல் போனைப் பார்த்துப் படித்தாள்.

"மெஷின்மேல கைய வச்சுப் பாரு! நீ போட்டுருக்க சட்டை இதுல தச்சது. உன் மகன் படிப்பு இதுல தச்சது. இந்த வீட்டு ஓடு ஒவ்வொண்ணும் இதுல தச்சது. பேசாம இருந்தா ஊமைன்னு நெனச்சியா? வேலை இருந்துச்சு, அதான் பேசல."

அவள் குரல் முதலில் நடுங்கியது. பாதியில் நடுக்கம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விடுதிச் சமையல்கார அம்மா, கரண்டியும் கையுமாக, "அப்படிக் கேளு!" என்று சத்தம் போட்டாள். அரங்கம் கைதட்டியது.

பேராசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அற்புதமான மறுபுனைவு! மூல ஆசிரியர் எழுதத் துணியாததை நம்ம மேடம் எழுதிட்டாங்க."

"சார், இது மூல ஆசிரியர் எழுதினதுதாங்க!"

கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. சிறந்த படைப்பாளி என்று ஒரு சான்றிதழைக் கையில் திணித்து, நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் அவள் வாய் திறந்திருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாளே முதலாளியிடம் போய், அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் தான் வேலையில் இல்லை என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார், முணுமுணுத்தார், கடைசியில் இறங்கி வந்தார். புதுப் பதிப்பின் கடைசி நகலை அவள் மூன்று தடவை புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். புத்தகம் வந்த மாதமே பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். முதலாளி ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு ஒருநாள் ஆய்வு மாணவி போன் செய்தாள். குரலில் ஒரே குதூகலம்.

"அக்கா, ரொம்ப நன்றிக்கா! புதுப் பதிப்பை வச்சு எனக்கு இன்னொரு அத்தியாயம் கிடைச்சிருச்சு. 'மௌனத்தில் இரைச்சலின் ஊடுருவல்'. சார் உடனே சரின்னுட்டார்."

"நல்லதும்மா. அந்தப் பக்கத்தைப் படிச்சியா?"

"இனிமேதான்க்கா."