ஒற்றைச் சிவப்பு

என் மனுசன் செல்வநாயகம் மாங்குளம் சந்தியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பழைய ஒஸ்ரின் கார். அதைப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கொழுத்திருப்பேன். ஓட்டத்துக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு தடவையும் குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் காருக்குப் பின்னால் நிற்கவைப்பார். காருக்குள் இருக்கிறவருக்குத் தன் பின்விளக்குத் தெரியாதல்லவா, அதற்குத்தான் நான். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

"எரியுதோ சிவனேசு?" என்பார் உள்ளேயிருந்து.

"எரியுது."

பிறகு பிரேக்கை அழுத்துவார். "இப்ப?"

"கூடுது."

அவ்வளவுதான் என் உத்தியோகம். பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள். லைற்றைப் போட்டால் மங்கலாக எரியும். பிரேக்கில் கால் பட்டால் அதே விளக்குகள் பளிச்சென்று கூடும். காலை எடுத்தால் பழையபடி மங்கிவிடும். நின்று நின்று எனக்கு அது மனப்பாடம்.

நாங்கள் சண்டை பிடிப்பது கொப்பைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் இறங்குகிறவன் ஒரு கொப்பை முறித்து, ஐயனாரை நினைத்து மரத்தில் கட்டிவிட்டுத்தான் போவான். இவர் மரத்தில் கட்டமாட்டார். காரின் பின்பக்கத்தில் கட்டுவார். காவல் கூடவே வரட்டுமாம். கொப்பு சரிந்து இடப்பக்க விளக்கை மூடிக்கொள்ளும்.

"பின்னாலை வாறவனுக்கு ஒரு லைற்றுத்தான் தெரியும். ஐயனார் வந்து அவனுக்குச் சொல்லுவாரோ?" என்று கேட்பேன்.

"சொல்லுவார், நீர் போம்," என்று சிரிப்பார்.

அன்றைக்கு மாரி இருட்டு. முல்லைத்தீவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர், அவர்களை அங்கே இறக்கிவிட்டுப் பொழுதுபட முன்னம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். விளக்குக் கொளுத்தியும் கார்ச் சத்தத்தைக் காணவில்லை. என் தம்பி சின்னராசாதான் வந்தான். சைக்கிளை முற்றத்தில் விழுத்திவிட்டு உள்ளே ஓடிவந்து நிலத்தில் குந்தினான்.

"தண்ணி தாங்கோ அக்கா. கொள்ளிவாய்ப் பேயைக் கண்டிட்டன்."

"உன்ரை மூஞ்சியைக் கண்டு அதுதான் பயந்திருக்கும். அத்தானை வழியிலை கண்டனியோ?"

"பகிடி விடாதேங்கோ. ஒலுமடுவுக்கு இஞ்சாலை, மதகடியிலை. றோட்டிலை இல்லை, காட்டுக்குள்ளை. ஆள் உயரத்திலை ஒரு ஒற்றைக் கண். இரத்தச் சிவப்பு. நான் கிட்ட வர அது முழிச்சுப் பாத்திது அக்கா. பிறகு சுருங்கிச்சுது. திரும்பவும் முழிச்சுது. முருகா எண்டு கத்திக்கொண்டு ஓடியந்தனான். நான் மட்டுமில்லை, மீன் லொறி கிறகோரி அண்ணையும் கண்டவர். தேத்தண்ணிக் கடையிலை நடுங்கிக்கொண்டு இருக்கிறார்."

தண்ணிச் செம்பு என் கையில் இருந்தது. மங்கலாக இருந்து கூடுகிற சிவப்பு. கூடிப் பிறகு மங்குகிற சிவப்பு. அதை நான் அன்று காலையிலும் பார்த்திருந்தேன். செம்பைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினேன்.

கிறகோரி அண்ணை கொக்கிளாய்ப் பக்கத்து ஆள். கடல் மீனை லொறியில் மாங்குளம் றெயில் ஸ்ரேசனுக்குக் கொண்டுவருகிறவர். அது எங்கள் கார்தான் என்று நான் சொன்னதைக் கேட்டு, இல்லையென்று தலையை ஆட்டினார்.

"கார் எண்டால் ரெண்டு சிவப்பு இருக்கும் தங்கச்சி. நானும் லொறி ஓட்டுறவன், எனக்குத் தெரியாதே? இது ஒற்றை. கார் லைற் முழங்காலளவிலை இருக்கும், இது என்ரை நெஞ்சளவிலை நிண்டது. அந்தோனியாரே எண்டு சிலுவை போட்டுக்கொண்டு வேகமாய் மிதிச்சு ஓடியந்திட்டன்."

"மற்ற லைற்றிலை கொப்புக் கட்டியிருக்கு அண்ணை!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பிரேக்கிலை கால் பட்டால்தான் அது முழிக்கும். கால் இருக்குதெண்டால் ஆளும் இருக்குது. நீங்கள் வராட்டி நான் நடந்து போறன்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். பிறகு எழுந்து லொறியை எடுத்தார். என் பின்னாலேயே ஓடிவந்திருந்த சின்னராசாவைச் சேட்டுக் கழுத்தில் பிடித்து இழுத்து ஏற்றினேன்.

மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் பாலை மரங்களும் வீரை மரங்களும் நெருங்கி நின்றன. லொறி வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் றோட்டு இருந்தது, மற்றெல்லாம் கறுப்பு. மதகுக்கு இப்பால் றோட்டின் நடுவில் யானை புதிதாய்ப் போட்ட பிண்டம் கிடந்தது. கிறகோரி அண்ணை அதிலேயே லொறியை நிறுத்தி, எஞ்சினையும் லைற்றையும் நிற்பாட்டினார். யானை நின்றால் சத்தம் கேட்கவேண்டும் என்றார். தவளைகள்கூடக் கத்தவில்லை. இலைகளில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தா," என்றான் சின்னராசா.

மரங்களுக்குள்ளே, ஆள் உயரத்தில், ஒரு சிவப்பு. அது முழிக்கவில்லை. சாம்பல் மூடிய தணல் மாதிரி மங்கி, அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயம் பிடித்தது. அது காராக இல்லாமல் பேயாகவே இருந்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பேயென்றால் அவர் வேறு எங்கேயோ சுகமாக இருப்பார். கார் என்றால், விளக்கு முழிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம்தான் உண்டு.

இறங்கினேன். சேறு கணுக்கால்வரை வந்தது. பின்னால் ஒருவரும் வரவில்லை. கிட்டப் போகப் போக அந்தச் சிவப்பு இன்னும் மங்குகிற மாதிரி இருந்தது. இனி ஒரு அடியும் வைக்க முடியாது என்ற இடத்தில் நின்றுகொண்டு, எங்கள் முற்றத்தில் நிற்கிற மாதிரியே கத்தினேன்.

"எரியுது! இஞ்சேருங்கோ, எரியுது! அழுத்துங்கோ!"

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தொண்டை கிழிய இன்னொரு முறை கத்தினேன்.

சிவப்பு கூடிற்று. கொஞ்சம்தான். பற்றரி இறங்கிப்போயிருந்தது. ஆனால் கூடிற்று.

"கூடுது! கூடுது!" என்று அழுதுகொண்டு ஓடினேன். கொப்பைப் பிடித்துப் பிய்த்து எறிந்தேன். இடப்பக்கத்து விளக்கும் வெளியே வந்தது. இரண்டு சிவப்பும் தெரிந்த பிறகுதான் கிறகோரி அண்ணைக்கு அது காராயிற்று. கயிறும் ரோச் லைற்றுமாக ஓடிவந்தார்.

யானைக்கு ஒதுக்கிய கார், றோட்டுக்கு முதுகைக் காட்டி மூக்குக் குத்தி மதகுப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. அதனால்தான் பின்பக்கம் அவ்வளவு உயரத்தில் நின்றிருக்கிறது. அவருடைய நெஞ்சை ஸ்ரேறிங் அழுத்திப் பிடித்திருந்தது. கைகள் இரண்டும் அதற்குக் கீழே. மூச்சு வந்ததே தவிரக் குரல் வரவில்லை. வலது காலின் பாதம் மட்டும் பிரேக்கின் மேல் இருந்தது. அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

லொறியில் கயிற்றைக் கட்டிக் காரை இழுத்து, கதவை உடைத்து அவரை எடுத்தோம். மீன் பெட்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்துக் கிடத்தினோம். நான் காலடியில் இருந்து அந்தப் பாதத்தை என் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தேன். லொறி ஆசுப்பத்திரிக்குத் திரும்பியபோது அவர் உதடு அசைந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"லொறி ஒண்டு வந்தது, சிவனேசு. அழுத்தினனான். அது இன்னும் வேகமாய்ப் போச்சுது."

"கதையாதேங்கோ."

"பிறகு ஒரு சைக்கிள். முருகா எண்டு கத்தினவன். குரலைக் கேக்கத் தெரிஞ்சிட்டுது, எங்கடை சின்னராசா எண்டு." மூச்சு எடுக்க அவருக்குக் கனநேரம் பிடித்தது. "தெரிஞ்ச பிறகு இன்னும் நல்லா அழுத்தினனான்."

அத்தானின் தலை சின்னராசாவின் மடியில்தான் இருந்தது.