சனிக்கிழமை வட்டு

எங்கள் ஊரான பயாமோவில் யாரும் இணையத்தை நம்பிக் கணினியைப் புதுப்பிப்பதில்லை. கணினி பழுதுபார்க்கும் எரிபெர்தோவின் வட்டை நம்புகிறோம். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒருவன் லினக்ஸ் தொகுப்புகளை இறக்கி ஒரு வன்வட்டில் நிரப்பி அவனுக்குத் தருவான். சனிக்கிழமை எரிபெர்தோவின் பட்டறையில் அதைச் செருகிப் புதுப்பித்துக்கொண்டு போவோம்.

என் அக்கா ஒடாலிஸும் அதைத்தான் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையே அவளுடைய மடிக்கணினி உறைந்தது. வரைந்து வைத்த வீட்டைத் திரையில் கொஞ்சம் சுழற்றினால் போதும். படம் நிற்கும், சுட்டி நிற்கும், விசிறி மட்டும் இரையும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாற்பது வயதில் கட்டடக்கலை முடிக்கிறவள் அவள். வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தேர்வுக் குழுவின் முன் அந்த வீட்டைச் சுழற்றிக் காட்ட வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம்.

செவ்வாய்க்கிழமை எரிபெர்தோ பார்த்தான். போர்டு வெந்துவிட்டது, உதிரிப் பாகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். அக்கா அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

"என் தப்புதான்டா. அடுப்படியில வெச்சு ஓட்டினேன்" என்றாள்.

எனக்கு எரிச்சல் அங்கேயே தொடங்கியது.

புதன் காலை என் இரவுக்காவல் வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். வாசலில் ஏழெட்டுப் பேர் சிதறி நின்றார்கள். எங்கள் ஊரில் வரிசை என்பது கோடு அல்ல. வருகிறவன் கடைசி ஆள் யார் என்று கேட்டு, அவருக்குப் பின்னால் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"கடைசி ஆள் யாரு?"

"நான்தான்" என்று கையை உயர்த்தினார் நெரேயிடா, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. அவர் கையில் கணினி இல்லை. "எனக்கு முன்னாடி அந்தத் தொப்பிக்காரர். உனக்கு என்னப்பா?"

"அக்கா மெஷின் டீச்சர். உறையுது."

"என்னுதும் அப்படித்தான். வெயில்ல வெந்துபோச்சுன்னு திங்கக்கிழமையே எடுத்துக்கிட்டான். உள்ள இருந்த என் பாடக் குறிப்பையாவது கேட்டு வாங்கலாம்னு வந்தேன்."

"எப்பலேர்ந்து உறைஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை."

தொப்பிக்காரர் திரும்பினார். "எனக்கும் ஞாயிறுதான். கரண்டு ஏறி இறங்குனதால போச்சாம்."

"எனக்கு உள்ள எறும்பு புகுந்துடுச்சாம்" என்றாள் ஓரமாக நின்ற ஒரு பெண். "எங்க வீட்ல சர்க்கரையே இல்ல, எறும்பு எங்கேர்ந்து வரும்?"

விசாரித்தால், மூவருமே அக்காவைப் போலத் தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள மடிக்கணினி வைத்திருந்தவர்கள். மூவருமே சனிக்கிழமை வட்டைச் செருகியவர்கள். என் முறைக்குக் காத்திருக்காமல் உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை, பின்னாலேயே வந்தார்கள்.

"வெயிலு, கரண்டு, எறும்பு, மூணும் ஒரே ஞாயித்துக்கிழமை வந்துச்சா எரிபெர்தோ?"

"வந்துட்டாருய்யா இன்ஜினியரு! ரெண்டாம் வருஷமே படிப்பை விட்டவன்."

"விட்டவனுக்கே தெரியுது. அக்கா மெஷினை எடு."

நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை. கணினியை இயக்கி, முந்தைய ஓட்டத்தின் பதிவைத் திறந்தேன். உறைவதற்கு முந்தைய வரிகளெல்லாம் கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவரின் புலம்பல். சனிக்கிழமை லினக்ஸின் மையமான கெர்னல் புதிதாக ஏறியிருந்தது. அதற்குப் பொருந்தும் டிரைவர் வரவே இல்லை. கணினி கையில் கிடைத்த வேறொரு டிரைவரை வைத்துத் திணறிக்கொண்டிருந்தது. மறுபடி இயக்கி, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டைத் திறந்து சுழற்றினேன். பத்து நிமிடம் சுழன்றது.

"வட்டு நெறைஞ்சிருச்சு மச்சான்" என்றான் எரிபெர்தோ, குரலை இறக்கி. "கடைசில கொஞ்சம் ஏறல. வர்ற சனிக்கிழமை சரியாயிடும்னு…"

"அப்போ உனக்குத் தெரியும்."

அவன் திருப்புளியைத் துடைக்கத் தொடங்கினான்.

"என்னுது எங்க தம்பி?" என்றார் நெரேயிடா.

அவருடைய திரை வேறொருவரின் கணினியில் ஏறிவிட்டிருந்தது. மற்றவை ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. பாடக் குறிப்பு இருந்த வட்டு மட்டும் முழுசாக இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும்.

வியாழனன்று வீடு நாற்பது நிமிடம் நிற்காமல் சுழன்றது. அக்காவுக்கு ஐந்துக்கு ஐந்து. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தாள்.

"எரிபெர்தோவைப் பத்தி வெளியில எதுவும் சொல்லிடாதடா. வட்டு அவன்கிட்டதான இருக்கு."

"நடந்ததை அவன் கதவுலயே எழுதி ஒட்டிட்டு வந்துட்டேன்" என்றேன். "எந்தக் கெர்னலைத் தேர்ந்தெடுக்கணும்னும் எழுதியிருக்கேன். டீச்சர் மெஷினைப் பிரிச்சதையும் அவங்க பேரோட எழுதியிருக்கேன்."