சட்டைப் பையில் கரைந்த மாத்திரை

“மூணு சட்டை. மூணுலயும் பை மஞ்ச மஞ்சளா இருக்கு. துவைக்கறவளுக்குத் தெரியாதா?”

“மெதுவாப் பேசு. மாத்திரை தவறி விழுந்திருக்கும்.”

“தினமும் அதே பையிலயா தவறி விழும்? இன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்லத்தான் போறேன்.”

“சொல்லிப் பாரு. அப்புறம் நான் இந்த ஆஸ்பத்திரிப் படியே மிதிக்க மாட்டேன்.”

புறநோயாளி அறைக் கதவு சரியாக மூடாது. ஒரு விரல் அகலம் திறந்தே நிற்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் இவ்வளவும் உள்ளே இருந்த மருத்துவ மாணவியின் காதில் விழுந்தது.

அவளுக்கு இது இறுதியாண்டு. கூடப் படிப்பவர்கள் ‘பட்டியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் பட்டியல் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இன்றைய முதல் நோயாளியின் கோப்பையும் நேற்றே வரிவிடாமல் படித்து, பதினாறு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, பேருந்து ஓட்டுநர். மூன்று மாத்திரை கொடுத்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. வண்டி ஓட்டலாம் என்ற சான்றில் மாதக் கடைசிக்குள் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும். பட்டியலின் அடியில், ‘நான்காவது மாத்திரை சேர்க்கலாம்’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள்.

பெயர் கூப்பிட்டதும், வெளியே சண்டை போட்ட கணவனும் மனைவியும் சிரித்த முகமாக உள்ளே வந்தார்கள். மாணவி அழுத்தம் பார்த்தாள். நூற்று எழுபத்தாறு.

“மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறீங்களா ஐயா?” அது ஏழாவது கேள்வி.

“போடறேன்மா. ஒரு நாள் தவறாது.”

மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டதைச் சொல்லிவிடலாமா? சொன்னால் வீடு போகும்வரை அந்த அம்மாவின் தலைதான் உருளும். மனிதர் இந்தப் பக்கமே வரமாட்டார். சொல்லாவிட்டால், போடாத மாத்திரைக்கு மேல் இன்னொன்று ஏறும். ஏதோ ஒரு நாள் பயந்துபோய் நாலையும் விழுங்கிவிட்டு, ஓட்டும்போது தலை சுற்றினால்? பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பட்டியலைக் குப்புறக் கவிழ்த்தாள். கணினியைப் பார்த்திருந்த நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“காலைல எத்தனை மணிக்கு வண்டி எடுப்பீங்க?”

“அஞ்சே காலுக்கு. ரெண்டு மணி வரைக்கும் ஓட்டம்தான்.”

“நடுவுல இறங்க நேரம் கிடைக்குமா?”

“கடைசி நிறுத்தத்துல ஆறு நிமிஷம். லேட்டாயிட்டா அதுவும் கிடையாது.”

“அப்போ பாத்ரூம் போகணும்னா?”

அவர் தன் செருப்பையே பார்த்தார். அவள் அடுத்த கேள்விக்குத் தாவவில்லை. சும்மா இருந்தாள். இப்படிச் சும்மா இருப்பது அவள் பட்டியலிலேயே கிடையாது.

“அந்தச் சின்ன மஞ்ச மாத்திரை இருக்கே,” என்றார் கடைசியில். “அதைப் போட்டா அரை மணிக்கொரு தரம் முட்டுதும்மா. வண்டி நிறைய ஜனத்தை வெச்சுக்கிட்டு நடுரோட்டுல நிறுத்த முடியுமா? ஒரு நாள் சீட்லயே...”

மனைவி திரும்பினார். “இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“எப்படிச் சொல்றது?”

பெரிய டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “கோப்புல இது இல்லையே, எப்படிப் பிடிச்சே?”

“வேலை நேரம் கேட்டேன் மேடம்.”

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

நாலாவது மாத்திரை வேண்டாம், மஞ்சள் மாத்திரையை வேலை முடிந்து மூன்று மணிக்குப் போட்டால் போதும் என்றார் டாக்டரம்மா. பத்து நாளில் அழுத்தம் இறங்கினால் கையெழுத்து. அதுவரை டிப்போவில் வேறு வேலை. ஓட்டுநரின் முகம் தொங்கிப்போனது. கையெழுத்தாகாத சான்றுத் தாளை மடித்து அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே போகும்போது, “பாத்தியா, நீ ஒண்ணும் சொல்ல வேண்டியே வரல. அந்தப் பொண்ணே கண்டுபிடிச்சிடுச்சு,” என்றார்.

“ஆமா, கெட்டிக்காரப் பொண்ணு,” என்றபடி மனைவி கதவை இழுத்துச் சாத்தினார். அது முழுதாக மூடவில்லை. இடுக்கைப் பார்த்தார். பிறகு அதன் வழியே உள்ளே இருந்தவளைப் பார்த்து, லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

காதில் விழுந்ததைச் சொல்லாமல் மறைத்து, வேறு கேள்வி கேட்டது சரியா என்று அவள் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறாள். நோயாளியாகவோ துணைக்கோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்: உங்களிடம் அவள் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? கீழே எழுதுங்கள்.